கடையம் வட்டாரத்தில் கருத்தடை: தேர்வு தாமதித்து வந்த வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், இராமநதியும் கடனாநதியும் பாயும் நெல்வயல்களை ஒட்டி அமைந்த கடையம், 2019-இல் தென்காசி மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழ் வாசகர்களுக்கு அது கவிஞர் சுப்பிரமணிய பாரதியின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊராக அறிமுகமானது. இவ்வூரையும் ஆழ்வார்குறிச்சி, முக்கூடல், செங்கோட்டை முதலிய சுற்றுப்புறங்களையும் மனத்திற்கொண்டு கருத்தடையின் வரலாற்றைப் படிக்கும்போது, முறைகள் ஒவ்வொன்றாக இங்கு வந்து சேர்ந்ததும், அவற்றுள் தன் உடலுக்கும் வாழ்க்கைக்கும் ஏற்றதைப் பெண் தானே தேர்ந்துகொள்ளும் நிலை அவற்றோடு வராமல் வெகுவாகப் பின்தங்கியதும் தெளிவாகப் புலப்படுகின்றன. தத்துவவாதிகளும், சீர்திருத்தக்காரர்களும், அரசு அதிகாரிகளும் தத்தமக்குரிய காரணத்தோடு தத்தமக்குப் பிடித்த முறையைக் கொண்டுவந்தனர். அந்தக் காரணங்களுள் பெண்ணின் காரணம் எங்கே இருந்தது என்பதே இவ்வரலாற்றில் கேட்கத்தக்க முதன்மையான கேள்வி.

மருந்தும் கருவியும் வருவதற்கு முன்பு, ஒரு பெண் எத்தனை பிள்ளை பெறுவாள் என்பதைப் பெருமளவு முடிவுசெய்தவை அவளது மணவயதும் அவள் பாலூட்டிய காலமுமே. கடையத்துச் செல்லம்மாளுக்கு 1897-இல் திருமணம் நடந்தபோது அவருக்கு வயது 7, மணமகன் சுப்பிரமணியனுக்கு வயது 14. மூத்த மகள் தங்கம்மாள் 1904-இலும் இளைய மகள் சகுந்தலா 1908-இலும் பிறந்தனர். பாரதி கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தபின் 1918-இன் இறுதியிலிருந்து 1920 வரை இந்தக் குடும்பம் கடையத்திலேயே வாழ்ந்தது. இரண்டு பிள்ளைகளோடு நின்ற குடும்பம் அக்காலத்தில் அரிது. பூப்பெய்துவதற்கு முன்பே மணம் முடித்த சமூகங்களில் பெண்ணின் கருவுறும் ஆண்டுகள் முழுவதும் இல்லறத்திற்குள் அடங்கிவிட்டமையால், அவளுக்கு இயற்கையாகக் கிடைத்த இடைவெளி பாலூட்டும் காலம் ஒன்றுதான். குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே இரவும் பகலும் கொடுக்கப்படும்போது கருமுட்டை வெளிப்படுவது தள்ளிப்போகிறது என்பதும், குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமலும் தாய்க்கு மாதவிலக்கு திரும்பாமலும் இருக்கும்வரை இப்பாதுகாப்பு ஏறத்தாழ 98 விழுக்காடு நம்பத்தக்கது என்பதும் 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்களால் ஒப்புக்கொள்ளப்பட்டன. பிள்ளைக்குப் பால் மறக்கடித்தால் அடுத்தது வந்துவிடும் என்று கிழவிகள் சொல்லிவந்த அறிவுக்கு அறிவியல் கொடுத்த எல்லைக்கோடு அது. ஆறு மாதத்திற்குப் பிறகும் அதை நம்பியிருந்த பெண்கள் ஏமாந்ததற்கும் அதே விதி விளக்கம் தருகிறது.

நாட்களைக் கணக்கிடும் பழக்கமும் தமிழுக்குப் புதிதன்று. பூப்புக்குப் பிந்திய பன்னிரண்டு நாட்களில் தலைவன் தலைவியைப் பிரிந்து உறைதல் கூடாது என்று தொல்காப்பியக் கற்பியல் விதிக்கிறது. உரைகாரர்கள் இதனைக் கருவுறுதலோடு சேர்த்து விளக்கினர். அடுத்த மாதவிலக்கிற்கு ஏறக்குறைய 14 நாட்களுக்கு முன்பு கருமுட்டை வெளிப்படுகிறது என்பதை ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் க்னவுசும் 1920களில் நிறுவுவதற்கு முன், மாதத்தின் நடுநாட்களே கருத்தரிக்காத நாட்கள் என்று 19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர் பலர் நம்பி அவ்வாறே அறிவுறுத்தியும் வந்தனர். தொல்காப்பிய விதி கருவை விரும்பியவர்க்கு உரியது. ஆயினும் நடுநாட்களைத் தன் எல்லைக்குள் கொண்டமையால், அந்த மருத்துவர்களின் அறிவுரையைவிட உண்மைக்கு அது நெருக்கமாக நின்றது. ஆடி மாதத்தில் புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துக்கொள்ளும் வழக்கமும், சித்திரை வெயிலில் பேறுகாலம் வராமல் பார்த்துக்கொள்ளும் முன்யோசனையாகவே மக்களால் விளக்கப்படுகிறது. இவையெல்லாம் பிறப்பின் காலத்தைத் தள்ளிவைக்க உதவினவேயன்றி எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. எண்ணிக்கை மிகுந்து தாங்கமுடியாதபோது பப்பாளிக்காயும் எள்ளும் நாட்டு மருந்துகளும் நாடப்பட்டன. அவற்றின் பயன் உறுதியற்றது, ஆபத்தோ உறுதியானது.

கருத்தடையைப் பொதுவெளியில் பேசும் துணிவு இந்நிலத்திற்கு இலண்டன் வழியாக வந்தது. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்டன் 1832-இல் எழுதிய கருத்தடை நூலை மறுபதிப்புச் செய்ததற்காகச் சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்டும் 1877-இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். தண்டனை மேல்முறையீட்டில் நீங்கினாலும், அந்த வழக்கின் தொடர்ச்சியாகப் பெசன்ட் தம் மகளை வளர்க்கும் உரிமையை இழந்தார். அவ்வழக்கின் பரபரப்பில் அவரே எழுதிய கருத்தடைக் கையேடு பல்லாயிரக்கணக்கில் விற்றது. அதன் தாக்கம் சென்னையையும் எட்டி, 1882-இல் இங்கே ஒரு மால்தூசியச் சங்கம் தோன்றியது. உணவு பெருகும் வேகத்தைவிட மக்கள்தொகை வேகமாகப் பெருகும் என்ற மால்தூசின் கருத்தை ஏற்று, அவர் ஒப்பாத கருத்தடையை அதற்குத் தீர்வாக முன்வைத்தவர்களின் இயக்கம் இது. நாத்திகம் பேசிய ‘தத்துவ விவேசினி’ இதழைத் தமிழில் நடத்திய குழுவினர் இச்சிந்தனைக்கு நெருக்கமானவர்கள். பெசன்டோ பிரம்மஞான சபையில் சேர்ந்தபின் தம் கையேட்டை 1891-இல் விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்; 1893 நவம்பரில் அவர் இந்திய மண்ணில் முதன்முதலாகக் காலடி வைத்தது, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் தூத்துக்குடியில்தான். கருத்தடை முறைகளை எளிய ஆங்கிலத்தில் விளக்கி எழுதியதற்காக மகளையே இழந்த பெண், இம்மாவட்டத்திற்கு வந்தபோது அதைப் பற்றிப் பேசுவதை விட்டிருந்தார் என்பது இப்பகுதிப் பெண்களின் நோக்கில் வருந்தத்தக்க ஒரு தற்செயல்.

1920களின் இறுதியில் சென்னையில் உருவான நியோமால்தூசியச் சங்கத்தில் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் இருந்தனர். நாட்டின் வறுமை, இனத்தின் தரம், நடுத்தரக் குடும்பத்தின் வரவுசெலவு என்பன அவர்கள் பேசிய காரணங்கள். இதே காலத்தில் ‘குடி அரசு’ இதழில் பெரியார் ஈ.வெ.இராமசாமி எழுதியவை வேறு தளத்தில் நின்றன. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற நூலில் கர்ப்பத்தடை ஒரு தனி அத்தியாயம்; பிறர் தாயின் உடல்நலத்திற்காகவும் நாட்டின் பொருளாதாரத்திற்காகவும் கருத்தடையை வேண்டுகிறார்கள், தாம் வேண்டுவது பெண்ணின் விடுதலைக்காக என்று அவர் அதில் வேறுபடுத்திக் காட்டினார். பாரதிதாசன் இக்கருத்தைக் கவிதையிலும் கொண்டுவந்தார். இந்த வேறுபாட்டின் பயன் எளிதில் விளங்கக்கூடியது. காரணம் நாட்டினுடையது என்றால் எந்த முறை நாட்டிற்கு மலிவானதோ அதுவே சிறந்த முறையாகிவிடும். காரணம் பெண்ணுடையது என்றால் முறையைத் தேர்வதற்கு அவளைத்தான் கேட்கவேண்டும். பிற்கால அரசுத் திட்டங்கள் முதற்பாதையிலேயே சென்றன.

கடையத்திற்கு மலைக்கு அப்பால் இருந்த திருவிதாங்கூரின் எல்லை அக்காலத்தில் செங்கோட்டை வரை நீண்டிருந்தது; செங்கோட்டை தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பரில். அந்தத் திருவிதாங்கூரின் தலைநகரில் 1935 டிசம்பரின் இறுதியில் அகில இந்திய மாதர் மாநாடு கூடியபோது, அமெரிக்காவிலிருந்து கருத்தடை இயக்கத் தலைவர் மார்கரெட் சாங்கர் வந்து கலந்துகொண்டார். கத்தோலிக்கப் பெண்களின் கடுமையான எதிர்ப்பைத் தாண்டிக் கருத்தடைக்கு ஆதரவான தீர்மானம் நிறைவேறியது. அதே மாதத் தொடக்கத்தில் வார்தாவில் காந்தியைச் சந்தித்த சாங்கரால் அவரது மனத்தை மாற்ற இயலவில்லை. புலனடக்கமே வழி என்ற நிலையில் நின்ற காந்தி, மாதத்தின் பாதுகாப்பான நாட்களைப் பயன்படுத்துவதை மட்டும் ஓரளவு பொறுத்துக்கொள்ள முன்வந்தார். மைசூர் சமஸ்தானம் 1930-இலேயே அரசுச் செலவில் கருத்தடை நிலையங்களைத் திறந்திருந்தது.

இந்த விவாதங்கள் சிற்றூரின் வாசலை எட்டாமைக்குக் கருத்துகளின் பழமையைவிடக் கருவிகளின் தன்மையே பெரிய காரணம் எனலாம். அன்று பரிந்துரைக்கப்பட்ட இரப்பர் மூடி, கருப்பை வாயை அடைக்குமாறு உள்ளே பொருத்தப்படுவது; மருத்துவர் அளவெடுத்துக் கொடுக்கவேண்டும், ஒவ்வொரு முறையும் விந்தணுக்கொல்லிக் களிம்பு தடவி வைக்கவேண்டும், பின்னர் எடுத்துக் கழுவி உலர்த்திப் பத்திரப்படுத்தவேண்டும். குளியலறையும் தனியறையும் இல்லாத வீட்டில், மாமியாரும் நாத்தனாரும் உடன் வாழும் கூட்டுக்குடும்பத்தில், வாய்க்காலுக்குச் சென்று குளித்துவரும் பெண் இதை எங்கே கழுவி எங்கே உலர்த்துவாள் என்ற கேள்விக்குச் சென்னைச் சங்கத்தாரிடம் விடை இருக்கவில்லை. நுரை மாத்திரைகளும் பஞ்சுகளும் இதழ்களில் விளம்பரமாயின. அவற்றின் விலை கூலிக்காரப் பெண்ணுக்கு எட்டாதது.

விடுதலைக்குப் பின் 1952-இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது. அரசின் பெயரால் இவ்வாறு செய்த முதல் நாடு இந்தியா. சென்னை மாநிலம் அதில் தனிப்பாதை வகுத்தது. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் தலைவராக இருந்த ஆர்.ஏ.கோபாலசாமி, பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராகி, ஆண்களுக்கான அறுவைச் சிகிச்சையே மலிவும் உறுதியும் உடைய வழி என்று வாதிட்டார். 1950களின் பிற்பகுதியில் அறுவை செய்துகொள்ளும் ஏழைக்கு 30 ரூபாய் வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வாசெக்டமி எனப்படும் இச்சிகிச்சையில், விந்தணுவைக் கொண்டுசெல்லும் இரண்டு மெல்லிய குழாய்கள் விரைப்பையின் தோலில் சிறு கீறலிட்டு வெளியே எடுக்கப்பட்டு, வெட்டி முடிச்சிடப்படுகின்றன. ஆண்மைச் சுரப்பிலோ உடல்வலிமையிலோ மாற்றம் எதுவும் நிகழ்வதில்லை. குழாயில் ஏற்கனவே தங்கிய அணுக்கள் வெளியேற மூன்று மாதம் வரை ஆகும் என்பதால், அதுவரை வேறு தடுப்பு வேண்டும்; இந்த ஒரு செய்தி சொல்லப்படாமல் அனுப்பப்பட்டவர்களின் வீடுகளில், அறுவைக்குப் பின் மனைவி கருவுற்றபோது அவள்மீது விழுந்த சந்தேகம் மிகக் கொடியது.

திண்டுக்கல் அருகே அம்பாத்துரையில் டாக்டர் சௌந்திரம் இராமச்சந்திரனின் காந்திகிராமமும், அதைச் சார்ந்து 1964-இல் நிறுவப்பட்ட ஊரக நல, குடும்பநல நிறுவனமும் வேறு வழியைச் சோதித்தன. ஆத்தூர் ஒன்றியத்தில் ஊர்த் தலைவர்களையும் செவிலியரையும் கொண்டு வீடுவீடாக உரையாடி, தாய்சேய் நலத்தோடு கருத்தடையைச் சேர்த்து வழங்கியபோது, பிறப்பு விகிதம் 1959-க்கும் 1968-க்கும் இடையே ஆயிரத்துக்குச் சுமார் 43-இலிருந்து 28 அளவிற்கு இறங்கியது. பேசினால் கேட்பார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழகத்தில் இல்லை.

1965-இல் வந்தது லூப். அமெரிக்க மருத்துவர் ஜாக் லிப்பிஸ் உருவாக்கிய இந்தப் பிளாஸ்டிக் சாதனம், இரட்டை ‘எஸ்’ போல் வளைந்து, கருப்பைக்குள் வைக்கப்பட்டபின் நூல் மட்டும் வாய்ப்புறத்தில் தொங்குமாறு அமைந்தது. ஒருமுறை வைத்தால் போதும், வேண்டாதபோது எடுத்துவிடலாம் என்ற வகையில் நாட்டுப்புறப் பெண்ணுக்கு ஏற்றதாக அது தோன்றியது. ஆனால் லூப் மாதவிலக்கின் போக்கை மிகுவிக்கும்; இரத்தச்சோகை பரவலாக இருந்த பெண்களிடையே, இலக்கை எட்டும் அவசரத்தில், உடல்நிலை சோதிக்கப்படாமலும் பின்விளைவு சொல்லப்படாமலும் அது வைக்கப்பட்டது. போக்கு நிற்காமல் வந்த பெண் தன் தெருவில் சொன்ன செய்தி எந்த அரசு விளம்பரத்தைவிடவும் வேகமாகப் பரவி, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் லூப்பின் பெயர் கெட்டது. குறை கருவியில் இருந்ததைவிட, யாருக்கு அது பொருந்தாது என்று கேட்காமல் விட்டதில் இருந்தது. பிற்காலத்துக் காப்பர்-டி இன்றும் அந்தப் பழம்பயத்தின் சுமையோடு அறிமுகமாகிறது.

1968-இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்தின் துணையோடு நிரோத் ஆணுறை, மூன்று உறை 15 காசு என்ற விலையில் பெட்டிக்கடைகளுக்கு வந்தது; தேயிலையும் சோப்பும் விற்ற பெருநிறுவனங்களின் விற்பனை வலையே அதைக் கொண்டுசேர்த்தது. 1966-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் லேடெக்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை, கடையத்திலிருந்து மலையைத் தாண்டினால் எட்டும் திருவனந்தபுரத்தில் அமைந்தது. 1971-இல் கேரளத்தின் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 60,000-க்கு மேற்பட்ட ஆண்கள் முகாமில் அறுவை செய்துகொண்டது நாடெங்கும் பேசப்பட்டு, முகாம்களே வழி என்ற எண்ணத்தை அதிகாரிகளிடம் வளர்த்தது. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே நிதியாண்டில், நாட்டில் 82 இலட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள் நடந்தன. அவற்றுள் முக்கால் பங்கு ஆண்களுக்கு. வட மாநிலங்களில் நடந்த வற்புறுத்தலின் விளைவு தெற்கையும் தாக்கியது. 1977-இல் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற துறைப்பெயர் ‘குடும்ப நலம்’ என்று மாறியதோடு, ஆண்களின் அறுவை ஏறக்குறைய மறைந்து, சுமை முழுவதும் பெண்ணின் வயிற்றுக்கு மாறியது.

கடையம் வட்டாரத்தின் அண்மைக்கால வரலாறு இந்த மாற்றத்தின் வரலாறே. டியூபெக்டமி என்னும் பெண் கருத்தடை அறுவையில், பிரசவமான சில நாட்களுக்குள், தொப்புளை ஒட்டிச் சிறு கீறலிட்டு, கருமுட்டை செல்லும் இரு குழாய்களும் வளைத்துக் கட்டி வெட்டப்படுகின்றன. பிற காலங்களில் லேப்ராஸ்கோப் எனும் குழாய்க்கருவி வழியே சிலிக்கோன் வளையம் மாட்டப்படுகிறது. தெருக்களில் இதற்கு ‘ஆபரேஷன்’ என்ற ஒரு சொல்லே போதும். இரண்டாவது பிள்ளையோடு ஆபரேஷனும் பண்ணியாச்சா என்பது நலம் விசாரிப்பின் பகுதியாகிவிட்டது. இதை அரசின் திணிப்பு என்று மட்டும் கூறுவது அப்பெண்களின் கணக்கை மதியாததாகும். இப்பகுதியில் பீடி சுற்றும் பெண், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டுகிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலியிழப்பு. மாதந்தோறும் மாத்திரை வாங்குவதும், கணவனை ஆணுறைக்கு இணங்கவைப்பதும் அவளுக்கு முடிவற்ற வேலைகள். பிரசவத்திற்குப் போன இடத்திலேயே முடிந்துவிடும் அறுவை ஒருமுறைச் செலவு. முக்கூடலில் பீடித் தொழிலாளர் மருத்துவமனையை நடத்திவந்த மத்திய அரசின் நல நிதியும் முதலிரண்டு பேறுகளுக்கு உதவித்தொகை, கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை என்றே தன் திட்டங்களை வகுத்தது. 1982-இன் சத்துணவுத் திட்டம், 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவி, பரவிய பள்ளிக்கல்வி, குறைந்த சிசு மரணம் ஆகியவற்றோடு சேர்ந்து, 1990களின் முற்பகுதியில் தமிழகத்தின் கருவள விகிதம் ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள் என்ற அளவை நெருங்கியது; 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 1.8.

ஆனால் அதே கணக்கெடுப்பு காட்டும் இன்னொரு படம் கவலைக்குரியது. தமிழகத்தில் மணமான பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டவர்கள்; ஆண் அறுவையோ ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பெரும்பாலான பெண்களுக்கு அறுவை நடப்பது இருபதுகளின் நடுப்பகுதியில். அதற்கு முன் வேறெந்த முறையையும் அவர்கள் பயன்படுத்தியதில்லை. நிரந்தர முறையின் கடுமை 2004 டிசம்பரின் ஆழிப்பேரலைக்குப் பின் வெளிப்பட்டது. கடற்கரை ஊர்களில் பிள்ளைகளை இழந்த தாய்மார் பலர் முன்பே கருத்தடை செய்துகொண்டிருந்தமையால், வெட்டிய குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையை அரசே கட்டணமின்றி ஏற்பாடு செய்யவேண்டியதாயிற்று; எல்லாருக்கும் அது பலித்துவிடுவதில்லை.

எண்ணிக்கை இலக்குகளை 1995-இல் முன்னோட்டமாகக் கைவிட்ட மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று; 1996 ஏப்ரலில் அது நாடு முழுவதற்கும் விதியாயிற்று. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டு 13 பேர் இறந்தனர். அறுவை முகாம்கள் பற்றி முன்பே தொடரப்பட்டிருந்த தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் 2016-இல் அளித்த தீர்ப்பு, அம்முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தவும், பெண்ணின் மொழியில் விளக்கிய பின்னரே ஒப்புதல் பெறவும் வலியுறுத்தியது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும், இலக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்த சாயா என்னும் ஹார்மோன் அற்ற வாரமாத்திரையும் அண்மையில் அரசுத் திட்டத்தில் சேர்ந்தன.

எனவே கிராம சுகாதார செவிலியர் இன்று ஒரு பெண்ணிடம் கேட்கவேண்டிய கேள்விகள் கூடியுள்ளன. பால் கொடுப்பவளுக்கு ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை முதல் ஆறு மாதம் ஆகாது. இரத்தக்கொதிப்பு உள்ளவளுக்கும் அது ஆகாது. சாயா பாலூட்டும்போதும் ஆகும், முதல் மூன்று மாதம் வாரத்திற்கு இருமுறை, பின்பு வாரத்திற்கு ஒருமுறை. அதிகப்போக்கும் சோகையும் உள்ளவளுக்குக் காப்பர்-டியைவிட வேறு முறை நலம். அந்தரா போட்டவளுக்கு மாதவிலக்கு தாறுமாறாகலாம் அல்லது நின்றுபோகலாம், நிறுத்தியபின் கரு தங்கச் சில மாதம் பிடிக்கலாம் என்பதை ஊசிக்கு முன்பே சொல்லவேண்டும். இம்முறைகளுள் பாலியல் நோய்த்தொற்றையும் சேர்த்துத் தடுப்பது ஆணுறை மட்டும். பிள்ளை போதும் என்று இருவரும் முடிவுசெய்த வீட்டில், கத்தியின்றிச் சிறு துளை வழியே செய்யப்படும் நவீன ஆண் அறுவை, வயிற்றைத் திறக்கும் பெண் அறுவையைவிட எளிதும் ஆபத்து குறைந்ததும் ஆகும்; ஆணுக்கு அரசு தரும் ஈட்டுத்தொகையும் பெண்ணுக்குத் தருவதைவிட அதிகம். வயலில் வேலை செய்யும் தெம்பு போய்விடும் என்ற அச்சம் அதற்குத் தடையாக நிற்கிறது. அந்த அச்சத்தைப் போக்கும் பேச்சு செவிலியருக்கும் மனைவிக்கும் இடையே நடந்து பயனில்லை, கணவனோடு நடக்கவேண்டும், செவிலியரின் வீட்டுச்சுற்று நடக்கும் பகல்பொழுதில் அவனோ பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை.